மலையக வீதிகளுக்குப் பாவித்த பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஔடி: எதை எடுக்கலாம், எதை விடலாம்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் கண்டியிலும் நுவரெலியாவிலும் கார் சேல்களில் நிற்கும் ஐரோப்பிய செடான்கள் அநேகமாக அதற்கு முந்திய தலைமுறைகள்: 2007 முதல் 2014 வரை வந்த பென்ஸ் டபிள்யூ204 சி-கிளாஸ், 2012க்குப் பிறகு வந்த பிஎம்டபிள்யூ எஃப்30 3 சீரிஸ், 2008 முதல் 2015 வரையான ஔடி ஏ4 பி8, இவற்றுக்கு மூத்த பென்ஸ் டபிள்யூ211 ஈ-கிளாஸ், பிஎம்டபிள்யூ ஈ90 3 சீரிஸ். பத்து வருடம் தாண்டிய பென்ஸ் ஒன்று ஜப்பான் ஹைபிரிட்டின் விலைக்குக் கிட்ட வந்து நின்றால் ஆசை வருவது இயல்புதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலையகத்தில் குடியிருந்து ஓட்டுவதென்றால் முதல் தெரிவு, 16 அங்குல டயரும் சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷனும் உள்ள பெற்றோல் டபிள்யூ204. ஆனால் டைமிங் செயின் மாற்றிய பில் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, 2015க்குப் பிந்திய எஃப்30 318ஐ. மல்டிட்ரொனிக் என்ற, கியர் படிகள் இல்லாத ஓட்டோ கியர்பொக்ஸ் உள்ள ஔடி ஏ4, காற்று சஸ்பென்ஷன் ஈ-கிளாஸ், சர்விஸ் வரலாறு தெரியாத பிஎம்டபிள்யூ டீசல் 320டி ஆகிய மூன்றையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடலாம்.

கொழும்பில் ஏசி குளிர்கிறதா, சீட் தோல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள். இங்கே கேள்வி வேறு. கொழுந்து லொறிக்குப் பின்னால் 15 கிலோமீற்றர் வேகத்தில் கினிகத்தேனை ஏற்றம் ஏறும்போது கியர்பொக்ஸ் ஒயில் என்ன சூட்டில் இருக்கும்? இறம்பொடை இறக்கத்தில் பிரேக் எத்தனை வளைவு தாங்கும்? பொகவந்தலாவையில் கார் படுத்துவிட்டால் அதன் கணினியோடு பேசக்கூடிய கருவி எத்தனை மைல் தள்ளி இருக்கிறது? இவற்றுக்கு விடை சொல்வது எஞ்சின் குறியீடும் கியர்பொக்ஸ் குறியீடும்தான். ஆகவே விளம்பரத்தில் "சி200, 2010, முதல் ஓனர்" என்று கண்டால் அடுத்து கேட்க வேண்டியது சேசிஸ் நம்பர். அதை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிகோடரில் போட்டால் எந்த எஞ்சின், எந்த கியர்பொக்ஸ், எந்த மாதம் தயாரானது என்று வந்துவிடும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் பட்டியிலும் தயாரிப்புத் திகதி உண்டு. நான்கு பெல்ட்டில் ஒன்று மட்டும் வேறு வருடமாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே பாருங்கள்.

உயரம் செய்கிற வேலை

நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு இழுவையை இழக்கும். ஈ90 318ஐயின் என்46 எஞ்சின் கொழும்பிலேயே சாதுதான். நான்கு பேரும் மூட்டையும் ஏறினால் தலவாக்கலைக்கு மேலே அது படும் பாடு கியர் மாறும் சத்தத்திலேயே தெரியும். பென்ஸின் கொம்பிரசர், அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் பம்ப், பெல்ட்டில் சுற்றுவதால் அதுவும் கொஞ்சம் இழக்கும். டர்போ வேகமாகச் சுற்றி ஈடு செய்துகொள்ளும். அதற்கு விலையாக வெப்பம் கூடும்.

வெப்பம் என்றதும் ரேடியேட்டர் மூடி. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதிக்கும். காரின் குளிரூட்டும் தொகுதி அழுத்தத்தோடு இயங்குவதால்தான் 105 பாகையிலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி நெகிழ்ந்தாலோ, எக்ஸ்பான்ஷன் டாங்கியில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ, கொழும்பில் ஓடும் கார் பட்டிப்பொலைக்கு முன்னாலேயே ஆவி கக்கும். டாங்கியின் தையல் ஓரத்தில் வெள்ளையாகவோ நீலமாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மூடியை மாற்றுவது சில்லறைச் செலவு. அதை மாற்றாமல் விட்டு ஹெட் கேஸ்கட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

எம்271: எதற்காக இவ்வளவு கவனம்

டபிள்யூ204இன் 1.8 லீற்றர் பெற்றோல் எஞ்சினான எம்271 இரண்டு விதமாக வந்தது. முதலில் கொம்பிரசர், 2009க்குப் பிறகு படிப்படியாக டர்போ போட்ட சிஜிஐ. நோய் இரண்டுக்கும் ஒன்றே: டைமிங் செயின் நீள்கிறது, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் அட்ஜஸ்டரின் பற்கள் தேய்கின்றன. செயின் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதன் பிறகு எஞ்சினைத் திருத்துவதா, கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் தேடுவதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

அடையாளம், இரவு முழுக்க நின்ற எஞ்சினைத் தொடக்கியதும் முதல் இரண்டு மூன்று வினாடி முன்பக்கத்தில் வரும் கடகட சத்தம். சூடான எஞ்சினில் அது கேட்காது. இந்த ஒரு விஷயத்தில் மலையகத்துக்காரருக்குக் கொழும்புக்காரரைவிட வசதி அதிகம். ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழும் ஊரில் எந்த எஞ்சினும் பொய் சொல்லாது. காரை முதல் நாள் இரவே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குப் போய், பொனட்டைத் தொட்டு, குளிர்ந்திருப்பதை உறுதி செய்த பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். "நீங்க வர்றதுக்காக சூடாக்கி வச்சிருக்கேன்" என்று விற்பவர் சொன்னால், தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

"செயின் மாத்தியாச்சு" என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், பில்லைக் கேளுங்கள். பழைய செயினோடு புதியதைக் கோத்து, எஞ்சினைச் சுற்றி உள்ளே இழுத்து, ரிவெட் அடிக்கும் முறை ஒன்று உண்டு. வேலை குறைவு. ஆனால் தேய்ந்த இரண்டு கேம் அட்ஜஸ்டரையும் டென்ஷனரையும் அப்படியே விட்டால் புதிய செயின் பழைய பற்களில் ஏறி, சீக்கிரமே அதே சத்தத்துக்கு வந்து சேரும். பில்லில் செயின், இன்டேக், எக்ஸோஸ்ட் அட்ஜஸ்டர்கள், டென்ஷனர் நான்கும் இருந்தால்தான் அது மாற்றியதாகக் கணக்கு.

ஏன் நீள்கிறது? ஒயில். ஐரோப்பாவில் 25,000 கிலோமீற்றர் வரை ஒரே ஒயிலில் ஓடலாம் என்று மீற்றர் சொல்லும். அது நெடுஞ்சாலைக் கணக்கு. ஏற்றத்திலும் வளைவிலும் ஓடும் காருக்கு 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும், பென்ஸின் எம்பி 229.5 தரமுள்ள 5டபிள்யூ-40, சுமார் 5.5 லீற்றர். விற்பவரின் சர்விஸ் புத்தகத்தில் இடைவெளி 20,000 என்று இருந்தால் செயினுக்கான பணத்தை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொரு சின்னச் சாமான்: எஞ்சின் தலையின் முன்பக்கம் இருக்கும் இரண்டு கேம் மெக்னட். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயில் ஈரம் இருந்தால் அது வயரின் உள்ளாகவே ஊர்ந்து ஈசியூ என்ற எஞ்சின் கணினிவரை போகும். மெக்னட் மலிவு, ஈசியூ அப்படியல்ல.

டபிள்யூ204ஐ நடுத்தெருவில் நிறுத்தும் சாமான் வேறொன்று: ஸ்டீரிங் லொக்கின் சின்ன மோட்டார். சாவியைப் போட்டால் "க்ர்ர்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மீற்றர் எரியாது, சாவி திரும்பாது, கார் அசையாது. வாங்கும்போது ஐந்தாறு முறை சாவியைப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஒரு முறை தயங்கினாலும் அதன் காலம் நெருங்கிவிட்டது. அந்த மோட்டாருக்குப் பதிலாகக் கணினிக்குச் சமிக்ஞை கொடுக்கும் எமுலேட்டர் போட்டு நிரந்தரமாக முடிக்கலாம், ஆனால் அதைக் காருக்குப் பழக்கக் கருவி தெரிந்த ஆள் வேண்டும். பின்சக்கர இழுவை ஓட்டோ காரை முன்பக்கம் தூக்கிக் கட்டி இழுக்கவும் கூடாது, தட்டு லொறியில்தான் ஏற்ற வேண்டும். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு அந்த லொறிக் கூலியை ஒரு முறை விசாரித்து வைத்துக்கொண்டால் இந்த மோட்டாரின் அருமை விளங்கும்.

பிஎம்டபிள்யூவில் எண்களைப் படிப்பது

320டி, 520டி என்றால் 2007 அளவிலிருந்து 2014 அளவு வரை வந்தவற்றில் என்47 டீசல் எஞ்சின். இதன் டைமிங் செயின் கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்ற கியர்பொக்ஸையாவது எஞ்சினையாவது இறக்க வேண்டும். 2011க்கு முந்தியவை அதிகம் தொல்லை தந்தவை. எஞ்சினின் பின்பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே, உலோகம் உரசும் சத்தம் 1,500 சுற்றுக்கும் 2,000 சுற்றுக்கும் இடையில் கேட்டால் அன்றைக்கே விலகுங்கள். இதற்கு மேல் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி. அது தானே எரித்துச் சுத்தமாக, கால் மணி நேரமாவது ஓரளவு ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் எந்த இடத்தில் கால் மணி நேரம் ஒரே வேகத்தில் போக முடியும்? சூப்பர் டீசல் எந்த ஷெட்டில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டீசல் கார்களின் ஈஜிஆர் கூலருக்காக (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிரவைக்கும் பாகம்) 2018இல் பிஎம்டபிள்யூவே திருத்த அழைப்பு விடுத்தது. அது செய்யப்பட்டதா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து முகவரிடம் கேட்கலாம்.

320ஐ, 328ஐ, 520ஐயில் வரும் என்20 பெற்றோல் எஞ்சின் நன்றாக இழுக்கும். 2015 ஆரம்பம் வரை வந்தவற்றில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடையும். எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் மெல்லிய விசில் சத்தம் அதன் முன்னறிவிப்பு. ஒயில் மாற்றும்போது சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தட்டில்) பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டு கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். இதன் வோட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது; முனகாமல், ஒழுகாமல் ஒரு நாள் நின்றுவிடும். ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டியும் மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கியதும் தெர்மோஸ்டட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

2015க்குப் பிறகு 318ஐயில் வந்தது மூன்று சிலிண்டர் 1.5 லீற்றர் பி38. மூன்று சிலிண்டர் பிஎம்டபிள்யூவா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். டர்போ இருப்பதால் உயரத்தில் சோராது, கூடவே இசட்எஃப் எட்டு கியர் பெட்டி.

எந்த பிஎம்டபிள்யூவானாலும் டிக்கியைத் திறந்து பாருங்கள். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளட் டயர் என்பதால் ஸ்பேர் டயர் இருக்காது. தோட்டத்துப் பாதையின் குழியில் பக்கவாட்டு வீங்கிய ரன்-ஃப்ளட்டை ஒட்டிப் போட முடியாது. பற்றரி மாற்றினால் அதைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் மாற்றினால் புதிய பற்றரி சீக்கிரம் சாகும்.

ஔடி ஏ4 பற்றிச் சுருக்கமாக. பி8இன் 1.8, 2.0 டிஎஃப்எஸ்ஐ டர்போ பெற்றோல் எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் வடிவமைப்பால் ஒயில் குடிக்கும் வழக்கம் உண்டு. ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் தாண்டினால் எஞ்சின் பிரிக்க வேண்டி வரும். முன்சக்கர இழுவைக் கார்களில் வந்த மல்டிட்ரொனிக், ஏற்றத்தில் ஊர்ந்து செல்லும்போது உதறத் தொடங்கினால் திருத்த ஆள் கிடைப்பது கஷ்டம். செங்குத்தான ஈரப் பாதையில் காரின் பாரம் பின்னால் சாய்வதால் முன்சக்கரம் வழுக்கும். இந்த இடத்தில் பென்ஸும் பிஎம்டபிள்யூவும் மேல். நான்கு சக்கர இழுவையான குவாட்ரோ கிடைத்தால் கதை வேறு. டபிள்யூ211 ஈ-கிளாஸில் 2006க்கு முந்தியவற்றில் எஸ்பிசி என்ற மின்பிரேக் பம்ப், எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்று எண்ணிக்கொண்டே இருந்து ஒரு நாள் எச்சரிக்கும். நம் ஊர் இறக்கங்களில் அந்த எண்ணிக்கை என்ன வேகத்தில் ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

கியர்பொக்ஸ்

"சீல் பண்ணது, ஒயில் மாத்தத் தேவையில்ல" என்ற பேச்சை இந்த வீதிகளில் கேட்கவே கூடாது. எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் ஒயில் மாற்றச் சொல்கிறது. அதில் ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு ஒட்டியே வருகிறது, முழுப் பேனையும் மாற்ற வேண்டும். பென்ஸின் ஐந்து கியர் 722.6 முரடு, அதன் 13 முனை பிளக்கின் ஓ-ரிங்கில் ஒயில் கசிந்து வயரில் ஏறுவதுதான் வழக்கமான குறை, ரிங் சல்லிக் காசு. ஏழு கியர் 722.9இல் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுத் தகடு பழுதானால் கார் ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். 60,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை ஒயிலும் ஃபில்டரும். 2010 நடுப்பகுதி வரையானவற்றுக்குச் சிவப்பு ஒயில், அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு நீல ஒயில். இரண்டையும் கலந்து ஊற்றிய கார்கள் இருக்கின்றன. டிப்ஸ்டிக் கிடையாது. ஒயில் 45 பாகையில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும், அதற்குக் கருவியில் வெப்பநிலையைப் படிக்க வேண்டும். கண் மதிப்பில் ஊற்றும் கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மழை, பனிமூட்டம், தண்ணீர்

வட்டவளைப் பக்கம் ஓடும் காருக்குத் தண்ணீர் எங்கே புகுகிறது என்று தேடுவது அரை நாள் வேலை, ஆனால் செய்தே ஆக வேண்டும். சன்ரூஃபின் நான்கு மூலையிலும் வடிகால் துளை உண்டு. அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி, சக்கரத்தருகே வெளியே வருகிறதா பாருங்கள். ஔடியில் வைப்பருக்குக் கீழே உள்ள குழியில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கம்பளத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். டபிள்யூ204இன் பின்விளக்கு பிளக்கில் ஏர்த் முனை கறுத்து உருகியிருக்கிறதா என்று பாருங்கள். 2016 மேயில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது நனைந்த கார்கள் மலையேறி வந்திருக்கலாம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை தெரியும்.

பிறகு ராம்ப்பில் ஏற்றுங்கள். அடித்தட்டுப் பிளாஸ்டிக் கழன்றிருந்தால் சம்ப்பில் கல் பட்டிருக்கும். இங்கிலாந்திலிருந்து பாவித்து வந்த கார்களில் அங்கே குளிர்காலத்தில் வீதியில் தூவும் உப்பு வேலை செய்திருக்கும். டபிள்யூ204இன் பின் சப்ஃப்ரேமைச் சுத்தியல் காம்பால் தட்டுங்கள், மந்தமான சத்தம் என்றால் உள்ளே துரு. அந்தக் கார்களில் ஒரு நன்மையும் உண்டு. பழைய இங்கிலாந்து நம்பர் கிடைத்தால் அந்நாட்டு அரசின் எம்ஓடி இணையத்தளத்தில் வருடா வருடம் பதிவான மீற்றர் அளவை இலவசமாகப் பார்க்கலாம். மைலா, கிலோமீற்றரா என்று கவனியுங்கள்: 60,000 மைல் என்பது 96,000 கிலோமீற்றருக்கு மேல்.

ஓட்டிப் பார்ப்பது

ஊரைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டினால் எதுவும் தெரியாது. புறப்படும் முன் ஸ்கேன் பண்ணுங்கள். பென்ஸுக்கு சென்ட்ரி, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, ஔடிக்கு விசிடிஎஸ் போன்ற ஸ்கேன் கருவிகள் வேண்டும். கைக்குள் அடங்கும் மலிவு ரீடர் எஞ்சின் பிழையை மட்டும் காட்டும். எயார்பேக், கியர்பொக்ஸ் பிழைகளை விட்டுவிடும். பிழையே இல்லை, ஆனால் கார் ஓடும்போது தானே செய்துகொள்ளும் ரெடினஸ் சோதனைகள் எல்லாம் முடியாமல் இருக்கின்றன என்றால், யாரோ காலையில்தான் அழித்திருக்கிறார்கள்.

கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவரை ஏறுங்கள். 1,400 மீற்றர் அளவு ஏற்றம். பாதி வழியில் பஸ்ஸுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஊருங்கள். இரண்டாம் மூன்றாம் கியருக்கு இடையில் உதறலோ, தாமதமோ, திடீர் இடியோ வரக் கூடாது. உச்சியில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, கீழே சொட்டு விழுகிறதா பாருங்கள். இறங்கும்போது டிரைவில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். டபிள்யூ204இல் கியர் லீவரை இடப்பக்கம் தட்டினால் கீழ் கியர், எஃப்30இல் இடப்பக்கம் தள்ளி முன்னால் தட்ட வேண்டும். கீழ் கியரில் எஞ்சின் காரைப் பிடிக்கிறதா என்பதும் சோதனைதான். சூடான பிரேக்கில் ஸ்டீரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிப்பு பொறித்திருக்கும், வேர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். பிரேக் ஒயில் டொட் 4 புதிதாக 230 பாகையில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாத காரில் மிதி பஞ்சுபோல் உள்ளே போவது அதனால்தான். வந்து சேர்ந்ததும் மறுபடி ஸ்கேன்.

330ஈ, சி350ஈ போன்ற பிளக்-இன் ஹைபிரிட்டுகள் இறக்கத்தில் மின்சாரம் சேர்க்கும் என்று சொல்லி விற்பார்கள். வீடு நுவரெலியாவில் இருந்தால் இரவு சார்ஜ் ஏற்றிய நிறை பற்றரியோடுதான் இறங்கத் தொடங்குவீர்கள்; சேர்க்க இடமிருக்காது, பாரம் முழுக்க பிரேக்கில். பற்றரிச் சோதனை அறிக்கை இல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள்.

கடதாசி வேலையில் இரண்டே விஷயம். சீஆர் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால் அவர்களின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகே காசு. பேர்மிட்டில் வந்த கார் என்றால் கைமாற்றக் கட்டுப்பாட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். கையெழுத்திட்ட வெற்றுப் ஃபோர்மோடு மூன்று கை மாறிய காரில் பதிவு உரிமையாளரை நேரில் காணாமல் முற்பணம் வைக்காதீர்கள்.

எரிபொருள் மூடியின் உட்பக்கம் 95 என்று எழுதியிருந்தால் 95தான் அடிக்க வேண்டும். 92இல் எஞ்சின் தட்டல் வராமல் தன்னைத் தானே பின்வாங்கிக்கொள்ளும், இழுவை போகும், குடிப்பு கூடும். விலை பேசி முடிந்ததும், காரின் விலையில் ஆறில் ஒரு பங்கையாவது தனியாக வையுங்கள். எஞ்சின் ஒயில், கியர்பொக்ஸ் ஒயில், பிரேக் ஒயில், கூலன்ட், ரேடியேட்டர் மூடி, பெல்ட், முன் லோவர் ஆர்ம் புஷ், நான்கு டயர் ஆகியவற்றோடு முதல் மூன்று மாதத்தில் அந்தப் பணம் போய்விடும்.